சுந்தரவல்லியின் மறு கை

சோணைமுத்து கத்தாருக்குப் போன இருபத்து மூன்றாம் நாள் காலை, பால் சொசைட்டியில் கேனைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி சுந்தரவல்லியின் வலது கை, அவள் நினைக்காமலே மூடிக்கொண்டது. விரல்கள் கொக்கியாக வளைந்து, சுண்டுவிரல் மட்டும் உள்ளே ஒதுங்கி, எதையோ இறுகப் பிடித்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, பிறகு விட்டது. பால் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவளுடைய பிடி இல்லை. அவள் எதைப் பிடித்தாலும் சுண்டுவிரலையும் சேர்த்துத்தான் பிடிப்பாள். அதை ஒதுக்கிவிட்டுப் பிடிக்கிற ஆள் கொண்டைப்பாறை ஊரிலேயே ஒருவன்தான், அவனும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

"இன்னைக்குத்தான் அவரைக் கயித்துல இறக்கியிருக்காங்க," என்று சொசைட்டிக்காரரிடம் சொன்னாள். அவரும் அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த கேனை வாங்கினார்.

நத்தத்துக்கும் மேலூருக்கும் நடுவே, முந்நூறு அடிக்கு நிமிர்ந்து நிற்கிற ஒரே கல்லுக்குக் கீழே இருக்கிறது கொண்டைப்பாறை. ஆறு மார்கழிக்குத் தொடர்ந்து பெங்களூரிலிருந்து பாறை ஏறுகிறவர்கள் அங்கே வந்து கூடாரம் போட்டார்கள். அப்போது புதிதாகக் கல்யாணமான சோணைமுத்துவும் சுந்தரவல்லியும் அவர்களுக்குத் தண்ணீரும் சோறும் சுமந்து, சுமந்த இடத்தில் நின்று வேடிக்கை பார்த்து, ஏழாம் மார்கழிக்கு அவர்கள் வராமல் போனபோது, விட்டுப்போன கயிற்றின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். ஏன் ஏறுகிறீர்கள் என்று அவன் அப்பா பெரியணன் ஒரே ஒரு முறை கேட்டார். மேலே போனால் நன்றாக இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். 

கயிற்றோடு ஒரு விரல்பலகையையும் விட்டுப்போயிருந்தார்கள். முழ நீளக் கட்டை, அதில் விரல் நுனி மட்டும் நுழைகிற அளவுக்குச் சிறிதும் பெரிதுமாகப் பள்ளங்கள். அதை வாசல்நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டி, தினம் காலை ஏழு மணிக்கு, பத்து நொடி தொங்குவதும் மூன்று நிமிஷம் ஓய்வதும், மறுபடி பத்து நொடி தொங்குவதும் மூன்று நிமிஷம் ஓய்வதுமாக, ஒருவர் தொங்கும்போது மற்றவர் வாய்விட்டு எண்ண, மழையிலும் பனியிலும் மாடு கன்று போட்ட நாளிலும் விடாமல், பதினோரு வருஷம் பழகினார்கள். பிள்ளை தங்காமல் போன இரண்டு வருஷங்களிலும்கூட அந்த எண்ணிக்கை நிற்கவில்லை. எண்ணுகிற குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பிறகு, உயரத்துக்குப் பயப்படாதவன், கயிறு தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு ஒரு ஏஜெண்ட் வந்தார். வானம் தொடுகிற கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் இறங்கித் துடைக்கிற வேலைக்குச் சோணைமுத்து கையெழுத்துப் போட்டான்.

அவன் போனபின் சுந்தரவல்லி தனியாகத் தொங்கினாள், தனியாகவே எண்ணிக்கொண்டாள். அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கை வந்தது.

வந்த கை போகவில்லை. நம்ம ஊர் நேரம் ஒன்பதரைக்கு அவள் விரல்கள் வளையும், அவன் வேலையில் இறங்கிவிட்டான். வலது மணிக்கட்டு வட்டம் வட்டமாகத் திரும்பும், கண்ணாடி துடைக்கிறான். மூன்று மணிக்கு ஐந்து விரலும் குவிந்து குவிந்து பிரியும், சோறு பிசைகிறான், குவிதல் சின்னதாக இருந்தால் குழம்பு பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுதும் கை பஞ்சுபோலக் கிடக்கும், தூங்குகிறான். சில மாலைகளில் ஆட்காட்டி விரல் மட்டும் தொடைமேல் ஏதோ எழுதுவதுபோல அசையும், அது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. போனில் கேட்டபோது, சும்மா உன் பேரைத்தான் எழுதிக்கிட்டு இருந்தேன் என்றான்.

அவன் பக்கமும் நடந்துகொண்டுதான் இருந்தது. அங்கே நாலரை மணிக்கு, கூடத்தில் எட்டுப் பேர் தூங்கும்போது, அவன் விரல்கள் பத்து நொடி மேல்நோக்கி இறுகி மூன்று நிமிஷம் தளரும். அவன் படுத்தபடியே எண்ணுவான். அங்கே பழகப் பலகையும் இல்லை, நேரமும் இல்லை. இருந்தும் அவன் பிடி குறையாமல் கூடிக்கொண்டே போனது, மேஸ்திரி அதைக் கவனித்து ஆச்சரியப்பட்டார்.

பெரியணன் தினமும் மத்தியானம் வந்து மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து மருமகளின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகனைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார். கை வட்டம் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

ஊர் இதைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. சோணை நல்லாருக்கானா என்று கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக் கேட்டார்கள். ரேஷன் கடையில் அவள் பை ஏந்தி நிற்கும்போது கை வட்டம் போட்டால், முன்னால் நிற்கிறவர்கள் ஒதுங்கி, வேலையில இருக்கான் பாவம், வல்லியை முதல்ல விடுங்க என்று வழிவிட்டார்கள். சொசைட்டியில் ஒன்பதரைக்கு முன்னாலேயே அவள் கொண்டுவருகிற பாலை வாங்கிக்கொள்வது என்று முடிவானது.

மதுரையிலிருந்து நரம்பு டாக்டர் மெஹருன்னிசா ஒரு முகாமுக்கு வந்தபோது, ஊரே சேர்ந்து சுந்தரவல்லியைக் கொண்டுபோய் நிறுத்தியது. டாக்டர் அவள் முன்கையில் வயர்களை ஒட்டி, கோடு கோடாக ஓடுகிற திரையை வெகுநேரம் பார்த்தார். சதை இவ்வளவு கொஞ்சமாக இருக்கிறதே, பலம் எங்கிருந்து வருகிறது என்று கூட நின்றவர்கள் கேட்டார்கள். பலம் முதலில் வருவது சதையில் இல்லை, கூப்பிடுகிற குரலில் என்று அவர் விளக்கினார். பழகாதவன் ஒன்றைத் தூக்கும்போது மூளை கூப்பிட்டால் கையிலுள்ள நார்களில் பாதிதான் எழுந்து வரும், மற்றவை படுத்தே கிடக்கும். வருஷக்கணக்கில் பழகப் பழக, மூளையின் அடித்தண்டிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்குகிற அந்தக் கூப்பாடு தடித்து, வேகமாகி, கூப்பிட்டதும் அத்தனை நாரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு கையை மட்டும் பழக்கினா, பழக்காத மறு கைக்கும் பலம் கொஞ்சம் போகும்மா. அது புஸ்தகத்துல இருக்கு. மறு கை கத்தார்ல இருக்கறதுதான் புஸ்தகத்துல இல்ல."

சொல்லிவிட்டு வயர்களைச் சுருட்டி வைத்துக்கொண்டார். தன் போன் நம்பரையும் எழுதிக்கொடுத்தார்.

அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் வந்தாள். அவள் புருஷன் மலேசியாவில் இருந்தான், போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, போனில் பேசும்போது ஆமா இல்லை என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வராது. நாங்களும் பழகினால் இப்படிக் கிடைக்குமா, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். பதினோரு வருஷம் சேர்ந்து பழகினோம் என்று சுந்தரவல்லி சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிறவனோடு பதினோரு வருஷம் சேர வேண்டுமென்றால் இருநூற்று அறுபத்து நான்கு வருஷம் ஆகும் என்று பஞ்சவர்ணம் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எப்ப ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.

அப்படித்தான் அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் பலகை ஏறியது. ஆசாரி வாகை மரத்தில் பள்ளம் வெட்டிக் கொடுத்தார். லீவில் வந்த ஆண்கள் வந்த களைப்புத் தீருமுன் பாறைக்குக் கூட்டிப்போகப்பட்டார்கள். கயிற்றின் ஒரு முனையில் புருஷனும் மறுமுனையில் பெண்டாட்டியுமாக, கால் நடுங்கி, முட்டி தேய்ந்து, ஒரு மாதம் ஏறிவிட்டு, கைகளில் காப்பு காய்த்து அவர்கள் விமானம் ஏறினார்கள். புதுப்பெண்ணுக்குக் கொடுக்கிற சீரில் பலகையும் ஒன்றானது. ஆண்கள் போனபின்னும் பெண்கள் விடவில்லை. கயிற்றின் மறுமுனை காலியாக இருந்ததால் அதைச் சுந்தரவல்லி பிடித்தாள். ஒவ்வொருத்திக்கும் கீழே நின்று கயிறு விட்டாள், இழுத்தாள், வழுக்கியவளைத் தாங்கினாள், வாய்விட்டு எண்ணினாள். நான்கு வருஷம் இப்படிப் போனது. அந்தப் பெண்களின் கைகளிலும் சதை போடாமலே பலம் ஏறியது.

நான்காம் வருஷத்தில் ஒரு காலை, பஞ்சவர்ணம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, அவள் இடது கட்டைவிரல் தானாக இரண்டு முறை துடித்தது. அவ்வளவுதான். ஆனால் மறுநாளும் துடித்தது, அதற்கு மறுநாளும். அவள் வீடு வீடாகப் போய்ச் சீனி கொடுத்தாள். வேலை செய்கிறானா தூங்குகிறானா என்றெல்லாம் தெரியாது, இருக்கான்னு மட்டும் தெரியுது, அது போதும் என்றாள். தெருவில் பாதிப் பேர் சீனியை வாயில் போட்டுக்கொண்டு அழுதார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணி இருக்கும். சுந்தரவல்லி கொட்டகையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள், பெரியணன் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு கையும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. அவள் காத்திருந்தாள். கயிற்றில் இருக்கும்போது அவன் ஒரு கையை எடுத்து உதறி ஆற்றிக்கொண்டு, பிறகு மறு கையை உதறுவான். இப்போது எந்தக் கையும் உதறவில்லை. முழங்கை வரை நரம்பு புடைத்துக்கொண்டே வந்தது.

"மாமா, அவரு கயித்துல இல்ல. வெறுங்கையில தொங்குறாரு."

சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். காற்றைப் பிடித்திருக்கிற கையால் அவனுக்குப் பலம் எதையும் அனுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. எம்பி, பலகையின் பள்ளத்தில் எட்டு விரலையும் கொடுத்துக் காலை மடக்கித் தொங்கினாள். பத்து நொடி ஆயிற்று, இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று, ஒரு நிமிஷமும் தாண்டியது. மருமகளின் உடம்பு நடுங்குவதைப் பார்த்துப் பெரியணன் அவள் காலைத் தாங்கப் போனார்.

"தொடாதீங்க மாமா. என்னைத் தாங்கினா அவரு விழுந்துருவாரு."

அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். எண்பது வயதில் அப்படி வெறுங்கையோடு நிற்க அவருக்குத் தெரியவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். எண்ணுகிற சத்தம் கேட்டுத்தான் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள். பார்த்த அதே நேரத்தில் அவள் இடது கட்டைவிரல், ஒருபோதும் துடிக்காத வேகத்தில் துடித்தது. அது யாருடைய துடிப்பு என்று அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் அதை நினைக்க நேரமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வாசல் பலகையில் எம்பித் தொங்கினாள். நான்கு வருஷமாகத் தன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் யார் என்று ஒவ்வொருத்தியின் கைக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாரும் யாருக்கும் சொல்லாமலே, அடுத்த வீட்டுக்காரி தொங்கினாள், அதற்கடுத்த வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தொங்கினாள், சீரில் பலகை வாங்கி வந்த புதுப்பெண் தொங்கினாள். ஒருத்தி கை தளர்ந்து இறங்கி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி ஏறினாள். அந்த நீளத் தெருவில், இரண்டு வரிசையிலும், வாசலுக்கு வாசல் பெண்கள் தரை தொடாமல் தொங்கிக்கொண்டிருக்க, அவர்களுடைய பலமெல்லாம் சுந்தரவல்லியின் எட்டு விரலுக்கு வந்து, அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரியணன் எண்ணிக்கொண்டே இருந்தார். ஆயிரத்து நூற்று நாற்பதுக்கு வந்தபோது, மருமகளின் விரல்கள் ஒரேயடியாகத் திறந்து அவள் கீழே விழுந்தாள்.

தெரு முழுக்கப் பெண்கள் இறங்கினார்கள். சுந்தரவல்லி வாசலில் மல்லாந்து கிடந்தாள், இரண்டு கையும் விரிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றும் இல்லை. பிடியும் இல்லை, துடிப்பும் இல்லை. யாரோ சோணைமுத்துவுக்குப் போன் போட்டார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஞ்சவர்ணம் வந்து அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வலது கை மெதுவாக எழுந்து, மணிக்கட்டிலிருந்து இரண்டு முறை உதறியது. பிறகு இடது கை எழுந்து உதறியது.

பெரியணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

காற்றில், அவன் நின்று துடைக்கிற தொங்குதொட்டில் சாய்ந்து, இடுப்புக் கயிறு சட்டத்தில் உரசி அறுந்து, முப்பத்தெட்டாம் மாடி விளிம்பில் விரல் நுனிகளை மட்டும் ஊன்றி அவன் தொங்கியிருக்கிறான். மேலிருந்து வேறு கயிறு இறக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு மேல் தன் பலம் தீர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு தாங்கியது யாருடைய பலம் என்று தெரியவில்லை, பல பேருடையது மாதிரி இருந்தது என்று போனில் சொன்னான். நாற்பதாம் நாள் ஊருக்குத் திரும்பினான், இனிப் போவதில்லை என்றான்.

அன்று பஞ்சவர்ணம் சுந்தரவல்லியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"என் கட்டைவிரல்ல வந்தது நீதானா வல்லி?"

சுந்தரவல்லிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாக்கா. காலையில தொங்கி இறங்கினதும் இடது கட்டைவிரலை ரெண்டு தரம் சுண்டி விடுவேன்."

பஞ்சவர்ணம் தன் கட்டைவிரலை முந்தானையால் சுற்றிக்கொண்டாள். "பரவால்ல," என்றாள். "நீ ஒருத்தியாவது இருந்தேல்ல." மறுநாளும் அவள் ஏழு மணிக்குத் தன் பலகையில் தொங்கினாள்.

திரும்பி வந்த அன்று மாலை, ஆட்களெல்லாம் போனபின், சோணைமுத்து மனைவியின் கையைப் பிடித்தான். லீவுக்கும் வராமல் கழிந்த நான்கு வருஷத்தில் இதைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து பார்த்தாள். அவன் கை அவள் கைமேல் இருந்தது, அழுத்தியது, விரலுக்குள் விரல் போயிருந்தது, ஆனால் தன் இடது கையைத் தன் வலது கை பிடிப்பது போலத்தான் இருந்தது. கன்னத்தைத் தொட்டான். தன் கன்னத்தைத் தானே தொட்டுக்கொண்டது போல இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை அவன் முகத்தில் பார்த்தாள்.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். உங்களை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள், கூச்சம் வராது என்று அவர் சொன்னார். சொந்தக் கை வரப்போவது மூளைக்கு முன்னாலேயே தெரியும், அதனால் அந்தத் தொடுதலைத் தணித்துவிடும். உங்கள் மூளை அவர் கையை உங்கள் கை என்று பதிந்துகொண்டது என்றார். என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, பழகியது பழகாமல் விட்டால் குறையும், ஆனால் சதை மறப்பதைவிட நரம்பு மறப்பதற்கு வெகுநாள் ஆகும் என்றார்.

இருவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள், ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். கடல் நடுவில் கிடந்தபோது அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அவள் ஏங்கிய ஏக்கம், அவன் தோள் தன் தோளில் உரசும்போது இரண்டு மடங்காக இருந்தது. அப்போதாவது அவன் வருவான் என்று இருந்தது. இப்போது வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், வர வேண்டியது மட்டும் வரவில்லை.

"விட்டுரலாமா மச்சான்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பாறையையா?"

"எல்லாத்தையும்."

அவன் பாறையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, வாசல்நிலைப் பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அவள் கீழே நின்று பலகையை வாங்கிக்கொண்டாள். பதினைந்து வருஷ வியர்வையில் அது கறுத்திருந்தது. கயிற்றையும் சேர்த்துப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தெருப்பெண்கள் பாறைக்குப் போகும்போது இருவரும் வீட்டுக்குள் இருந்துகொண்டார்கள், எண்ணுகிற சத்தம் கேட்டால் ரேடியோவைப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் மழைக்காலத்தில் அவள் விரல்கள் மெலிந்தன. தை மாதத்தில், அவன் வயலில் மண்வெட்டி பிடிப்பது அவள் கையில் எங்கோ தூரத்தில் நடப்பதுபோலத் தெரிந்தது. கோடையில் அதுவும் நின்றுபோனது. அப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் படுத்திருப்பவன் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வயலிலிருந்து வந்தவனிடம், சாப்பிட்டாயிற்றா என்று வாயால் கேட்க வேண்டியிருந்தது. அவன் சாப்பிட்டதை வாயால் சொன்னான், குழம்பு எப்படி என்பதையும் சொன்னான். பழைய தொடுதலும் போய்ப் புதிதும் வராத அந்த மாதங்களில் இருவரும் ஒருவரையொருவர் தொடவே அஞ்சினார்கள். பிடுங்கிய ஆணிகளை மறுபடி அடித்துவிடலாமா என்று ஒரு தடவை அவன் கேட்டான். அவள் அந்த ஆணிகளை எடுத்துக்கொண்டுபோய்ப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் வருஷம் புரட்டாசியில், மழை விட்ட ஒரு முற்பகல், கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் விழுந்தது. கனமாக, சொரசொரப்பாக, வெயிலின் சூட்டோடு, அவளுக்குப் பழக்கமே இல்லாத கை. அவள் உடம்பு தூக்கிவாரிப்போட்டது, மடியிலிருந்த கீரை சிதறியது.

"யாரு?" என்றாள்.

"நாந்தான்," என்றான்.